நின்றுகொண்டே போகிறவருக்கு எந்தப் பை?

அக்கா மகளுக்கு அடையாறில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பெரம்பூர். ஆக, தினமும் 29சி பஸ், அதிலும் நின்றுகொண்டுதான். வேலையில் சேருவதற்கு முந்தின வாரம் போன் செய்து கேட்டாள்: "மாமா, முதுகுல மாட்டுற பேக் வாங்கவா, சைடு பேக் வாங்கவா? அம்மா கட்டைப்பையே போதும்கிறாங்க."

இதே கேள்வியை ஆபீஸில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பேச்சுத்துணைக்குக் கிடைக்கும் ஒரு வங்கி ஊழியரும் கேட்டிருக்கிறார். அவருக்குத் தோள்பட்டை வலி. பதினெட்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது. ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்தில் நாலு விதமான பையையும் சுமந்து பார்த்தாயிற்று, நாலிலும் ஏதோ ஒன்றை இழந்தும் ஆயிற்று.

கடையில் பையை எப்படிப் பார்க்கிறோம்? கண்ணாடி முன் நின்று மாட்டிப் பார்க்கிறோம், அறைகளை எண்ணுகிறோம், ஜிப்பை இரண்டு தடவை இழுக்கிறோம். காலியான பை, காலியான கடை. பஸ்ஸில் எட்டரை மணிக்கு அந்தப் பை என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

## முதலில் எடை போடுங்கள்

அவளிடம் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான். ஒரு நாள் கொண்டுபோகிற எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார். அவள் சொன்ன கணக்கு: லேப்டாப் ஒன்றரை கிலோ, அதன் சார்ஜர் 350 கிராம், தண்ணீர் நிரப்பிய ஸ்டீல் பாட்டில் 1.3 கிலோ, சாப்பாட்டு டப்பா 900 கிராம், குடை 350, சில்லறைச் சாமான்கள் அரை கிலோ. மொத்தம் 4.9 கிலோ. அவள் ஆசைப்பட்ட பேக் காலியாகவே 800 கிராம். அதையும் சேர்த்தால் 5.7.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று 2020இல் மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கை சொன்னது. பெரியவர்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அவள் எடை 52 கிலோ. அந்தக் கணக்கை அவளுக்கும் வைத்தால் 5.2 கிலோதான் வருகிறது. இத்தனைக்கும் ஆபீஸில் தண்ணீர் கேன் இருக்கிறது. பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொண்டால் ஒரு கிலோ அங்கேயே குறைந்துவிடும். பை வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய சேமிப்பு இது, பைசா செலவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

என் அளவுகோல்கள் நாலைந்து. முதலாவது, நிற்கும்போது அந்தப் பை எவ்வளவு இடம் பிடிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கழற்ற முடிகிறது. இரண்டாவது, கைகள். மேல் கம்பியைப் பிடிக்க ஒன்று, டிக்கெட்டுக்கு ஒன்று. இப்போது கண்டக்டர் மெஷினில் யு.பி.ஐ.யும் வந்துவிட்டதால், முன்பு சட்டைப்பையில் ஐந்து ரூபாய் வைத்திருந்தவர்கூட அந்த நெரிசலில் போனை வெளியே எடுக்கிறார். எடுத்த போன் திரும்ப எங்கே போகிறது என்பதும் பையைப் பொறுத்த விஷயம்தான். அப்புறம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் பஸ் ஸ்டாப் என்பது பெரும்பாலும் ஒரு தகரக் கூரையும் அதன் கீழே ஒதுங்கும் நாற்பது பேரும். கடைசியாகச் செலவு. வாங்கும் விலையைச் சொல்லவில்லை, மூன்று வருடத்தில் ஜிப்புக்கும் வாருக்கும் கொடுப்பதைச் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. எந்தக் கடைக்காரரும் அதைச் சொல்ல மாட்டார். மடி.

நம் ஊர் பஸ்ஸில் நிற்கிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வார். "குடுங்க, நான் வச்சுக்கிறேன்" என்று கையை நீட்டுவார், பெயரெல்லாம் கேட்க மாட்டார். இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முக்கால் மணி நேரப் பயணத்தில் அரை மணி நேரம் நம் பை இன்னொருவர் மடியில் இருக்கிறது. அப்படியானால் அந்த மடிக்கு ஒத்துவருகிற பையா என்று பார்க்க வேண்டாமா? கனமாக இருக்கக் கூடாது, ஈரம் சொட்டக் கூடாது, கம்பியும் பக்கிளும் தொடையில் குத்தக் கூடாது, படுக்க வைத்தால் ஒழுகக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் என் பேக்கை ஓர் அம்மா வாங்கி, மடியில் வாகாக இருக்கட்டும் என்று படுக்கவைத்தார். உள்ளே டப்பா சாய்ந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ராயப்பேட்டை தாண்டும்போது அவர் புடவையில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டே, "பூண்டு ரசமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து முதுகுப் பேக்கில் சாப்பாடு வைப்பதில்லை.

## முதுகில் மாட்டும் பேக்

நடப்பதற்கு இதைவிட நல்ல பை கிடையாது. எடை இரண்டு தோளிலும் சமமாக இறங்கும், இரண்டு கையும் காலி. பஸ் ஸ்டாப்புக்குப் பதினைந்து நிமிடம் நடக்கிறவருக்கும், லேப்டாப் தூக்குகிறவருக்கும் வேறு வழியே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

பஸ்ஸுக்குள் கால் வைத்ததும் கதை மாறுகிறது. பை முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், அது நமக்குத் தெரியாது. நாம் திரும்பும்போதெல்லாம் யாரோ ஒருவர் முகத்தில் இடிக்கும். உட்கார்ந்திருப்பவரின் முகமும் நம் பையும் சரியாக ஒரே உயரம். "பேக்கைக் கழட்டிக் கையில வச்சுக்கோப்பா" என்று கண்டக்டர் சொல்வதற்குள் நாமே கழற்றிவிடுவது மரியாதை. ஏறுவதற்கு முன்பே, ஸ்டாப்பிலேயே கழற்றிவிடுங்கள். ஏறிய பிறகு கழற்ற முழங்கையை மடக்க இடம் இருக்காது.

கழற்றி முன்பக்கமாக மாட்டிக்கொள்வது பலர் வழக்கம். திருட்டுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஜிப் கண்ணெதிரே இருக்கும். ஆனால் இறங்கும்போது படி தெரியாது. பழைய பஸ்களின் படிகள் செங்குத்தானவை. வயிற்றின் மேல் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு காலால் துழாவி இறங்குவது ஆபத்து. 2024 ஆகஸ்டிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளில் வாசலில் படியே இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் ரூட்டில் எந்த வண்டி அதிகம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு மூன்று. ஒன்று வியர்வை. மே மாதத்தில் சட்டை முதுகில் பை வடிவத்தில் ஈரம், காய்ந்ததும் வெள்ளையாக உப்புக்கோடு. அடர்நிறச் சட்டை போடுகிறவர்கள் ஆபீஸில் ஒன்று மாற்றிக்கொள்ள வைத்திருக்கிறார்கள். இரண்டு, இடம் இருந்தால் நிரம்பும் என்ற விதி. 30 லிட்டர் பை வாங்கினால், போன வாரம் எடுத்த ஜெராக்ஸும் போன வருட டைரியும் அதிலேயே குடித்தனம் நடத்தும். 18 முதல் 22 லிட்டர் தினசரிக்குத் தாராளம். மூன்று, மடி. ஆறு கிலோ பையை யாரிடமும் கூச்சமில்லாமல் நீட்ட முடியாது. நீட்டினாலும் உள்ளே லேப்டாப் இருக்கிறதே என்று பத்து செகண்டுக்கு ஒரு முறை எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். ஒரு தடவை என் பையை வைத்திருந்தவர் இறங்கும்போது பக்கத்து சீட்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். நான் அவர் தலையைத் தேடி, அதைக் காணாமல், பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். பை பத்திரமாக ஜன்னலோரத்துக்கு இடம் மாறியிருந்தது.

## குறுக்கே போடும் சைடு பேக்

லேப்டாப் இல்லாதவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஒரு தோளில் மாட்டி, மார்புக்குக் குறுக்கே வந்து, எதிர்ப்பக்க இடுப்பில் தொங்கும். கூட்டத்தில் கழற்றவே தேவையில்லை. இடுப்பிலிருந்து வயிற்றுக்கு முன்னால் நகர்த்திவிட்டால் போதும். ஒரு கையால் திறந்து பஸ் பாஸை எடுக்கலாம், போனை உள்ளே போட்டு ஜிப்பை மூடலாம்.

இரண்டு கிலோ வரைக்கும்தான் இந்தச் சுகம். அதற்கு மேல் போனால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதை கட்டிக்கொள்ளும். தோள் வலிக்கிறது என்றாரே அந்த வங்கி ஊழியர், அவர் பையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு கிலோவாவது இருக்கும். வருடக்கணக்காக அதே தோள். தினமும் தோளை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், யாரும் மாற்றுவதில்லை. கைப்பழக்கம் போல இது தோள்பழக்கம்.

இன்னொன்று, வார். தொடை வரைக்கும் தொங்கவிட்டால் நடக்கும்போது இடிக்கும், இறங்கும்போது சீட்டின் கைப்பிடியிலோ வாசல் கம்பியிலோ மாட்டும். உடம்பு இறங்கிவிடும், பை இறங்காது. வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் விளையாட்டில்லை. வாரைச் சுருக்கி, பை இடுப்பெலும்புக்கு மேலே நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா போடுகிறவர்களுக்கு ஒரு தொந்தரவு கூடுதல் என்று அக்கா மகள் சொன்னாள். வார் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருக்குமாம். வாரைப் போட்ட பிறகு அதன் மேல் துப்பட்டா போட்டால் சரியாகிறதாம்.

## ஒற்றைத் தோள் ஹேண்ட் பேக்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உட்கார்ந்து போகிறவருக்கு நல்ல பை. டெர்மினஸில் ஏறி சீட் பிடிப்பவர், பத்தரை மணிக்குக் கிளம்புகிறவர், இவர்களுக்குக் குறையில்லை. நிற்கிறவருக்கு, ஒவ்வொரு பிரேக்குக்கும் தோளிலிருந்து வழுக்கி முழங்கைக்கு வந்துவிடும். மேல்பக்கம் ஜிப் இல்லாமல் வெறும் காந்தப் பொத்தான் வைத்த பைகள் பிக்பாக்கெட்காரனுக்குத் திறந்த கடை. அக்குளில் இடுக்கிக்கொண்டால் பாதுகாப்பு, ஆனால் ஒரு கை அதற்கே போயிற்று.

ரெக்சின் ஹேண்ட் பேக்கில் இன்னொரு செலவு. இரண்டாவது கோடையில் கைப்பிடி உரியத் தொடங்கும், தூள் புடவையில் ஒட்டும். தைத்துச் சரிசெய்ய முடியாது, தூக்கிப்போடத்தான் வேண்டும்.

## கட்டைப்பை

சிரிக்காதீர்கள். அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கைப்பிடியில் மரக்கட்டை வைத்துத் தைத்த பை, அதனால் கட்டைப்பை. இப்போது பிளாஸ்டிக் பிடிதான், பெயர் மட்டும் மாறவில்லை. ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுத்தால் கூடவே வரும், ஒவ்வொரு வீட்டிலும் பீரோவுக்குப் பின்னால் பத்தாவது மடித்துக்கிடக்கும். பஸ்ஸுக்கென்றே செய்த மாதிரி சில குணங்கள் அதற்கு. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் கீழே வைத்தால் நிற்கும். இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கலாம். வாய் அகலம், டப்பா செங்குத்தாக நிற்கும், ரசம் ரசமாகவே ஆபீஸ் போய்ச் சேரும். மடியில் கொடுத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதாலோ என்னவோ, கட்டைப்பையைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பரீட்சை முடிந்த வாரத்தில் பஸ்ஸில் டீச்சர்கள் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். விடைத்தாள் கட்டு கட்டைப்பையில்தான் வரும், தாள் மடங்காது என்பதால்.

குறைகளும் அதே வாயில்தான் இருக்கின்றன. மழை நேராக உள்ளே இறங்கும். கையும் நேராக உள்ளே இறங்கும். அதனால் பர்ஸும் போனும் இதில் ஆகாது. நின்றால் இரண்டு கையும் சும்மா, நடந்தால் ஒரு கை போயிற்று. நாலு கிலோவைப் பதினைந்து நிமிடம் தூக்கி நடந்தால் விரல்களில் சிவப்பாகக் கோடு விழும். கீழே வைத்த பையை எத்தனை செருப்பு மிதிக்கும் என்பது தனி. இலவசப் பை என்றாலும் பிடி பிய்ந்துவிடும் இடம் எப்போதும் நடுரோடுதான். புதுப் பை வந்ததும் பிடி தைத்திருக்கும் இடத்தில் ஒரு தையல் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். டெய்லர் பத்து இருபது ரூபாய் வாங்குவார்.

வயர் கூடையையும் இந்த இனத்தில் சேர்க்கலாம். சாயாது, ஈரக் குடையைப் போட்டாலும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். அந்தத் தண்ணீர் அடுத்தவர் காலில் வடியும் என்பதுதான் குறை.

## ஒரே பார்வையில்

| | முதுகுப் பேக் | சைடு பேக் | ஹேண்ட் பேக் | கட்டைப்பை |
|---|---|---|---|---|
| நெரிசலில் | கழற்றியே ஆக வேண்டும் | முன்னால் நகர்த்தினால் போதும் | அக்குளில் இடுக்கலாம் | காலிடுக்கில் நிற்கும் |
| கை | இரண்டும் காலி, கழற்றினால் ஒன்று போகும் | இரண்டும் காலி | ஒன்று | நடக்கும்போது ஒன்று |
| சுகமான எடை | 5 கிலோ வரை | 2 கிலோ வரை | ஒன்றரை கிலோ | பஸ்ஸில் எவ்வளவும், நடையில் 3 |
| அடுத்தவர் மடி | கூச்சம் | தேவையே வராது | சரி | மிக நன்று |
| மழை | உறை போட்டால் நன்று | சுமார் | ரெக்சின் தாங்கும், வாய் தாங்காது | மோசம் |
| திருட்டு | முதுகில் இருந்தால் மோசம் | நன்று | ஜிப் இருந்தால் சுமார் | மோசம் |

## கடையில் பார்க்க வேண்டியது

பை கிழிந்து செத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஜிப்பும் வாரும்தான் முதலில் போகும்.

ஜிப்பில் பல் போவது அபூர்வம், போவது இழுத்து மூடுகிற ரன்னர். மூடிய பிறகும் பின்னால் வாயைப் பிளந்தால் ரன்னர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குறட்டால் இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினால் சில மாதம் ஓடும். இல்லையென்றால் நடைபாதையில் பை தைக்கிறவரிடம் புது ரன்னர், சில்லறைக் காசு வேலை. முழு ஜிப்பையும் மாற்றுவதென்றால் மலிவுப் பையின் விலையில் பாதி வந்துவிடும். ஆகவே வாங்கும்போதே மெயின் ஜிப்பில் இரண்டு ரன்னர் இருக்கிற பையாகப் பாருங்கள். ஒன்று போனாலும் இன்னொன்றால் வண்டி ஓடும். இறுகும் ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும், எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும்.

வார் பையோடு சேரும் இடத்தில் தையல் ஒரே கோடாகப் போகிறதா, அல்லது பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறியாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டித் தையல் தாங்கும்.

துணியில் 600டி, 1680டி என்று அட்டை தொங்கும். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதன் கணக்கு. 600 பஸ்ஸுக்குப் போதும். 1680 முரட்டுத்துணி, ஆனால் பையின் சொந்த எடையும் ஏறும். வாட்டர் புரூஃப் என்று எழுதியிருந்தாலும் துணிதான் தாங்கும், தையல் துளையும் ஜிப்பும் தாங்காது. அந்த உள்பூச்சுகூட நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுத்து, பிறகு மாவாக உதிரும். லேப்டாப் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அதுதான். எனவே தனியாக ஒரு மழை உறை, உள்ளே லேப்டாப்புக்கு ஒரு கெட்டி பிளாஸ்டிக் கவர். கேன்வாஸ் பை பார்க்க அழகு. நனைந்தால் ஒன்றரை மடங்கு கனக்கும், ஐப்பசியில் காயவே காயாது.

## யாருக்கு எது

லேப்டாப் உண்டு, நின்றுதான் போக வேண்டும் என்றால்: 20 லிட்டர் முதுகுப் பேக், சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு சின்னத் துணிப்பை. துணிப்பையை மடியில் கொடுத்துவிட்டு, பேக்கைக் கழற்றிக் காலோரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருப்படி என்பதால் ஒன்றை மறக்க வாய்ப்பு உண்டு. நான் மறந்திருக்கிறேன், டப்பா போயிற்று, லேப்டாப் இருந்தது. எது போனால் பரவாயில்லை என்பதை முன்கூட்டியே பிரித்துவைத்த மாதிரிதான்.

லேப்டாப் இல்லை என்றால் சைடு பேக், கூடவே அதே துணிப்பை. கடை ஊழியர், நர்ஸ், வங்கியில் வேலை செய்கிறவர் எல்லோருக்கும் இது ஒத்துவரும். தாள் கட்டு, துணி, பாத்திரம் என்று சுமக்கிறவருக்குக் கட்டைப்பை, ஆனால் பணமும் போனும் உடம்போடு ஒட்டிய சின்னப் பர்ஸில். உட்கார இடம் நிச்சயம் என்றால் எந்தப் பையும் சரி, பிடித்ததை வாங்குங்கள்.

திரும்பி வரும் சுமையையும் கணக்கில் வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினை கோயம்பேடு சந்தையில் வைத்தார்கள். சாயங்காலம் இறங்குகிற ஸ்டாப்பில் கீரையும் தக்காளியும் வாங்குகிறவர் எந்தப் பை வாங்கினாலும், அதற்குள் ஒரு மஞ்சப்பை மடித்துக்கிடக்கட்டும். எடை என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

அக்கா மகள் கடைசியில் கறுப்பில் 20 லிட்டர் பேக் ஒன்று வாங்கினாள். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி 650 ரூபாய், இரண்டு ரன்னர், பெட்டித் தையல். சாப்பாட்டுக்கு ஏதோ ஒரு கல்யாணத்துத் தாம்பூலப் பை. முதல் வாரம் முடிந்து போன் செய்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பேக் ஓகே மாமா. ஆனா தினமும் யாராவது அந்தத் துணிப்பையை வாங்கி வச்சுக்கிறாங்க. நேத்து ஒரு பாட்டி, அதுல போட்டிருக்கிற பொண்ணு மாப்பிள்ளை பேரைப் படிச்சுட்டு, இது எந்த ஊர்ல நடந்த கல்யாணம்னு கேட்டாங்க. எனக்கே தெரியலை."